ஹார்ட் டிஸ்க்குக்கு வச்ச பொட்டு

எங்க வீட்டுக்காரருக்குச் சாமி மேல இருக்கிற பக்தியை விட சாமான் மேல இருக்கிற பக்தி ஜாஸ்தி. கேமராவைத் தரையில வைக்க மாட்டார். ட்ரைபாடை யாராவது தாண்டிப் போயிட்டா, திரும்பத் தாண்டி வரச் சொல்லுவார். லென்ஸ் துடைக்கிற துணியைத் துவைக்கத் தனி வாளி. ஒரு தடவை அந்த வாளியில நான் மிதியடியை ஊற வச்சுட்டேன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசலை. வீடு நிம்மதியா இருந்துச்சு, அது வேற விஷயம்.

அவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவர் எடுத்துக்கிட்டு வர்றதை வெட்டி, ஒட்டி, பாட்டு போட்டுப் படமா ஆக்குறவ நான். பூந்தமல்லியில ஒரு சந்துக்குள்ள கீழ ஸ்டுடியோ, மேல குடித்தனம். ஒரு பக்கம் மெட்ரோ வேலைத் தூசி, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம் குடோனுக்குப் போற லாரித் தூசி, நடுவுல கீபோர்டைத் துடைச்சுக்கிட்டு நான். நாலு பேர் முன்னாடி அவரை 'அவர்'னுதான் சொல்லுவேன். வேலையில உட்கார்ந்துட்டா 'யோவ்'தான். அவரும் 'இன்னாமே'ன்னுதான் கேப்பார். இதுல யாருக்கும் மரியாதை குறைஞ்சதா எனக்குத் தெரியலை.

முன்னாடியெல்லாம் எடுத்த கல்யாணங்களைச் சின்னச் சின்ன ஹார்ட் டிஸ்க்குல போட்டு, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல அடுக்கி வச்சிருந்தோம். எதுல எந்தக் கல்யாணம்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அம்பத்தூர் ரிசப்ஷனைத் தேடினா ஐயப்பன்தாங்கல் வளைகாப்பு வரும். ஒரு நாள் ஒரு மாப்பிள்ளைக்கு வேற ஒருத்தர் பொண்டாட்டியோட மாலை மாத்துற மாதிரி ஒரு ட்ரெய்லரே அனுப்பியிருப்பேன், கடைசி நிமிஷத்துல சட்டைக் கலரைப் பார்த்து நிறுத்தினேன். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், வீட்டுக்குன்னு ஒரு பொட்டி வாங்கிடணும்னு. ரெண்டு பெரிய டிஸ்க்கை உள்ள தள்ளி, வைஃபையோட கோத்து விட்டா, எந்த அறையில உட்கார்ந்தும் எந்தக் கல்யாணத்தையும் திறந்து பார்க்கலாம். அதுக்கு நாஸ்னு பேரு. எங்க வீட்டுல அது பொட்டிதான்.

பொட்டி வாங்குறது பெரிய விஷயமே இல்லை. அதுக்குள்ள போடற டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறது இருக்கே, அது பொண்ணு பார்க்குற வேலை. நான் உட்கார்ந்து படிச்சேன். சாதா கம்ப்யூட்டருக்குப் போடறது வேற, சிசிடிவிக்குப் போடறது வேற, இந்த மாதிரி ராத்திரி பகல் பார்க்காம ஓடுற பொட்டிக்குப் போடறது வேற. வெளியில பார்த்தா எல்லாம் ஒரே கருப்புச் செங்கல். குணம் உள்ளதான். சில டிஸ்க்கு, கூரைக்கு ஓடு அடுக்குற மாதிரி, ஒரு வரிசை மேல இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறினாப்லயே எழுதும். எடம் நிறைய கிடைக்கும். ஆனா நடுவுல ஒரு ஓடு மாத்தணும்னா பக்கத்துல இருக்கிறதையெல்லாம் பிரிச்சுத் திரும்ப அடுக்கணும். எங்க மாதிரி அழிச்சு அழிச்சு எழுதறவங்களுக்கு அது ஆகாது. கடைக்காரங்க இதைச் சொல்லவே மாட்டாங்க, நாமதான் மாடலைக் கேட்டு வாங்கணும்.

ரிச்சி தெருவுக்கு ரெண்டு பேரும் போனோம். நான் மாடல், சுத்துற வேகம், சத்தம், வாரண்டின்னு ஒண்ணொண்ணா விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். இவர் என்ன பண்றார்னு திரும்பிப் பார்த்தா, டிஸ்க்கைக் கையில எடுத்துக் கனம் பார்க்கிறார். முட்டியால தட்டிப் பார்க்கிறார். அப்புறம் காதுக்குப் பக்கத்துல வச்சு ஆட்டினார் பாருங்க, கடைக்காரர் முகத்துல ரத்தமே இல்லை.

"அண்ணாத்தே, அது தேங்கா இல்ல அண்ணாத்தே, கீழ வை"ன்னு பதறிப் போயிட்டார்.

"கனமாத்தான் கீது. நல்ல சாமான்"னு இவர் எனக்குச் சான்றிதழ் குடுத்தார்.

சரி, எடுத்தாச்சு. ஒண்ணை இங்க வாங்கிட்டு இன்னொண்ணை வேற கடையில வாங்கலாம்னு சொன்னேன். ஒரே அட்டைப்பெட்டியில வந்தது ரெண்டும் ஒரே நாள்ல பொறந்தது, ஒண்ணுக்குக் காய்ச்சல் வந்தா இன்னொண்ணுக்கும் வரும், வேற வேற எடத்துல வாங்கினா ரெண்டும் சேர்ந்து படுக்காதுன்னு விளக்கினேன். அவர் கேக்கணுமே. "கல்யாணத்துக்கு வேலை செய்யப் போற சாமான்மே. பிரிச்சு வாங்குனா நல்லாவா இருக்கும்?"னார். ரெண்டு டிஸ்க்கோட நம்பரும் அடுத்தடுத்து இருந்ததுல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜோடிப் பொருத்தம் பார்த்துட்டாராம். நான் வாயை மூடிக்கிட்டேன். கடைத் தெருவுல நின்னு புருஷன்கூட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை, வீட்டுக்குப் போனா நிறைய நேரம் இருக்கு.

பொட்டிக்குள்ள ரெண்டையும் போட்டு, ஒண்ணுல எழுதறதையே இன்னொண்ணும் எழுதற மாதிரி வச்சேன். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். இவர் உடனே, "அப்போ கவலையே இல்ல, எல்லாம் ரெண்டு ரெண்டா கீது"ன்னு நெஞ்சை நிமிர்த்தினார். அது அப்படி இல்லைய்யா, இது கண்ணாடி மாதிரி, நீ இந்தப் பக்கம் மூக்கை அறுத்துக்கிட்டா அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் மூக்கு போயிடும்னேன். தப்பா ஒண்ணை அழிச்சா ரெண்டுலயும் அழியும். அதனால மூணாவதா ஒரு தனி டிஸ்க்கு வாங்கி, அதுல ஒரு காப்பி எடுத்து, செம்பரம்பாக்கத்துல எங்க அம்மா வீட்டு பீரோவுல பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சிடறது என் வழக்கம். ஏரிக்கரைப் பக்கத்துல கொண்டு போய் வைக்கிறியேன்னு இவர் கேட்டார். அது மாடி வீடு, ஏரி மாடி ஏறாதுன்னேன்.

ஆனா அந்த மூணாவது டிஸ்க்குல எடம் கம்மி. அதுக்கு இவர் ஒரு சட்டம் போட்டார். வெளியாளுக்கு மூணு காப்பி, சொந்தக்காரங்களுக்கு ரெண்டு போதும். வெளியாள் வந்து சண்டை போடுவான், சொந்தக்காரன் எங்க போயிடப் போறான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு ஒரு பழமொழியும் சொன்னார். பழமொழி சொல்லிட்டா எங்க வீட்டுல அது தீர்ப்பு மாதிரி. அந்தச் சட்டத்துல மாட்டினது யாருன்னா, அவரோட சொந்தத் தங்கச்சி, என் நாத்தனார்.

நாத்தனாரைக் கட்டிக் குடுத்தது ஆவடியில. அவ கல்யாணத்துக்கு வேற ஒரு ஆளை வச்சு ஷூட் பண்ணலாம், நீங்க அண்ணனா மேடையில நில்லுங்கன்னு எல்லாரும் சொன்னோம். "என் தங்கச்சி கல்யாணத்தை இன்னொருத்தன் எடுக்குறதா?"ன்னு ஒரே பிடியா நின்னு, கேமராவைத் தோள்ல போட்டுக்கிட்டார். எங்க பக்கத்துல தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணோட அண்ணன் தம்பி மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும். மச்சான் மோதிரம்னு அதுக்கு ஒரு கூப்பாடு, ஒரு கிண்டல், ஒரு கைதட்டு எல்லாம் உண்டு. அய்யர் கூப்பிட்டார், மாமா கூப்பிட்டார், மைக்குலயே கூப்பிட்டாங்க. "ஷாட் போய்கினு கீது, யாராவது போடுங்க"ன்னு கேமராவுக்குப் பின்னாடி இருந்தே சொல்லிட்டார். கடைசியில அவங்க சித்தப்பா பையன் போய்ப் போட்டான். நான் அப்ப சீர்த்தட்டோட மண்டபத்து வாசல்ல நின்னேன், இதெல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

என் நாத்தனார் இதை மறக்கவே இல்லை. மறக்கவும் மாட்டா, அவ அப்படித்தான். "என் கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சு அண்ணி, எங்க அண்ணன் மட்டும் வரல. கேமராமேன் ஒருத்தன் வந்திருந்தான்"னு யார் வீட்டு விசேஷத்துல பார்த்தாலும் சொல்லுவா. சரி, அண்ணனாத்தான் நிக்கலை, வீடியோவையாவது முடிச்சுக் குடுத்தாரா? அதுவும் இல்லை. கலர் பார்க்கணும்னார், லைட்டிங் சரியில்லைன்னார். நான் எடுத்து முடிக்கிறேன்னா, "அதை மட்டும் நீ தொடாத, நானே பண்ணிக்கிறேன்"னார். அவளுக்குக் குழந்தை பொறந்து, தவழ்ந்து, எழுந்து நடந்து, அம்மா கல்யாணம் எங்கேன்னு அதுவே கேக்குற வயசு வந்துடுச்சு. போன வருஷம் அவ ஒரு முடிவுக்கு வந்தா. விஜயதசமி அன்னிக்கு நேர்ல வர்றேன், எடிட்டிங் வேணாம், பாட்டு வேணாம், ரோஜாப்பூ பறக்க வேணாம், எடுத்ததை எடுத்தபடி என் டிஸ்க்குல போட்டுக் குடுங்கன்னா. அதுக்குன்னே சொந்தமா ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிட்டா. குடுக்கலைன்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போன்ல என்கிட்ட நிதானமா சொன்னா. அவ கத்தினா பயமில்லை. நிதானமா சொன்னா சொன்னதைச் செஞ்சுடுவா.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்க தெருவுல அன்னிக்கு ஆட்டோவுல இருந்து அயர்ன் வண்டி வரைக்கும் எல்லாத்துக்கும் வாழைக்கன்னு. பூசை போட்ட சாமானை அன்னிக்குத் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுத்து வேலையைத் தொடங்கணும். இவர் கேமரா, லைட்டு, ட்ரோன் எல்லாத்தையும் வரிசையா வச்சுட்டு, பொட்டி பக்கத்துல வந்து நின்னார்.

"இத்தையும் அணைச்சு வைமே."

"யோவ், அது அணைக்கிற சாமான் இல்லை. ஓடிக்கிட்டே இருந்தாதான் அதுக்கு நல்லது."

"வாங்குன நாள்லேர்ந்து ஒரு நாள் லீவு இல்லாம மாடா ஓடிகினு கீது. உனக்கு இரக்கமே கெடையாதா?"

நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சண்டைன்னு, முறைப்படி நானே அணைச்சுக் குடுத்துட்டு, சுண்டலைத் தாளிக்க மேல போயிட்டேன். துணியால மேல துடைச்சு, பொட்டிக்கு ஒரு பொட்டு வச்சு, ஒரு பூ வைப்பார்னு நினைச்சேன். வந்து பார்த்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல், கற்பூரம் எல்லாம் ஆச்சு. வாசல்ல பூசணிக்காய் உடைச்சார். மனசுக்கும் நிறைவாத்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில குளிச்சு, சாமி கும்பிட்டு, வேலையைத் தொடங்குற மாதிரி பொட்டியோட பட்டனை அழுத்தினேன். ஒரு லைட்டு பச்சை. இன்னொண்ணு எரியவே இல்லை. அப்புறம் பொட்டி விட்டு விட்டுக் கத்த ஆரம்பிச்சுது. எரியாததை வெளியில இழுத்தேன். இழுத்தா, அதோட நெத்தியில சந்தனம், நடுவுல குங்குமம். உள்ள இருந்து ஒரு பொரியும் கூட வந்துச்சு.

"யோவ், இதை வெளியில எடுத்தியா நீ?"

"பொட்டிக்கு வச்சுட்டு உள்ள கீறதுக்கு வைக்காம உட்டா எப்படி? உழைக்கிறது அதுங்கதான?"

இன்னொண்ணையும் அணைச்சு வெளியில எடுத்துப் பார்த்தேன். அதுக்கும் சந்தனம், அதே எடத்துல. ஒவ்வொரு டிஸ்க்குலயும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் காத்து போய் வரும், சூடானா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு வெளிய வரணும். அதுக்குப் பக்கத்துலயே இந்த ஓட்டையை மூடாதேன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சு, நட்ட நடுவுல, அளவெடுத்த மாதிரி பொட்டு வச்சிருக்கார். எப்படிய்யா இவ்வளவு எடத்துல அந்த எடம் கிடைச்சுதுன்னு கேட்டேன்.

"சுத்தி வட்டமா கோடு போட்டு வச்சிருந்தான்மே. பொட்டு வைக்கக் கம்பெனிக்காரனே எடம் உட்டுகீறான்னு நெனச்சேன்"னார்.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அது மூச்சு விடற ஓட்டைன்னு சொன்னதும் அவர் முகம் செத்துப் போச்சு. "மூக்குலயா சந்தனத்தை அப்பினேன்"னு மெதுவா கேட்டுட்டு உட்கார்ந்துட்டார். நியாயமா சொன்னா, எரியாத டிஸ்க்கு போனதுக்குச் சந்தனம் காரணமா இருக்காது. ஓடிக்கிட்டே இருந்த மனுஷன் ரிடையர் ஆன மறுநாள் படுத்துடற மாதிரி, நிறுத்தி ஆற வச்சதுல அதால திரும்ப எழுந்திருக்க முடியலை. பழைய டிஸ்க்குங்க அப்படிப் போறது உண்டு. இன்னொண்ணு அதே நாள்ல பொறந்த ஜோடி. ஜோடிப் பொருத்தம் எவ்வளவு தூரம் போகும்னு அன்னிக்குப் பார்க்கணும்.

வெளியாளுங்க கல்யாணம் எல்லாம் அம்மா வீட்டு பீரோவுல பத்திரமா இருந்துச்சு. இந்த ஒரு டிஸ்க்கை விட்டா வேற எங்கேயும் இல்லாதது ஒரே ஒரு கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்குச் சொந்தக்காரி அப்ப ஆவடியில வண்டி ஏறிக்கிட்டு இருந்தா. "அண்ணி, கெளம்பிட்டோம்"னு போன் வந்துச்சு. வாம்மான்னேன். வேற என்ன சொல்றது?

புது டிஸ்க்கு ஒண்ணு வாங்கியாந்து பொட்டியில போட்டுட்டா தானா நிரப்பிக்கும்ல, ஓடிப் போய் வாங்கியாறேன்னு செருப்பை மாட்டினார். உட்காருய்யான்னேன். மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கிற டிஸ்க்கைப் பிடிச்சு மொத்தத்தையும் ஒப்பின்னா, பாதி வழியில அதுவும் வாயைப் பொளந்துடும். முதல்ல வேணுங்கிறதை மட்டும் வெளியில எடுக்கணும். சந்தனம் நல்லா காய்ஞ்சிருந்தது நல்லதாப் போச்சு. காது குடையற பஞ்சுக் குச்சியால, உள்ள விழாம, தலைகீழாப் பிடிச்சுச் சுரண்டினேன். ஒயர் சொருகற எடத்துல குங்குமம். அதை மேக்கப் பிரஷ்ஷால தட்டினேன். கம்ப்யூட்டர்ல நேரா மாட்டி, எதிர்ல டேபிள் ஃபேனை வச்சு, கரண்ட் போனா தாங்குற பேட்டரியில சார்ஜ் இருக்கான்னு பார்த்துட்டு, பட்டனைப் போட்டேன். சுத்துற சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

நாத்தனார் கல்யாணத்தை மட்டும் காப்பி போட்டேன். அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்க, அன்னிக்கு அம்மி நகர்ந்ததைப் பார்த்தேன். ஒரு ஃபைல் ஓடும், அடுத்தது முனகும், அப்படியே நிக்கும், திரும்ப ஓடும். நலங்கு வந்துச்சு. மாப்பிள்ளை அழைப்பு பாதி வந்து பாதி போச்சு. சாப்பாட்டுப் பந்தி மட்டும் ஒரு துளி குறையாம வந்துச்சு, அதுல எங்க பெரியப்பா மூணாவது தடவை பாயசம் கேக்குறது உட்பட. முகூர்த்தம் எடுத்த ஃபைல் கடைசியில இருந்துச்சு. என் உயிரே அதுலதான்.

"மெயின் கேமரா வந்துச்சா?"ன்னு பின்னாடி இருந்து கேட்டார்.

"வந்துகினே இருக்கு. தாலி கட்டுறது முழுசா வந்துடும் போல."

திரும்பிப் பார்த்தேன். சந்தோஷப்படுவார்னு பார்த்தா, மூஞ்சி தொங்கிப் போச்சு. ஃபேன் பக்கம் திரும்பிக்கிட்டார். அப்புறம், "அது மட்டும் போய்ச்சுன்னு சொல்லிடுமே"ன்னார்.

"இன்னாது?"

"சந்தனம் பட்டு அது ஒண்ணு மட்டும் போய்ச்சுன்னு சொல்லு. திட்டுனா நான் வாங்கிக்கிறேன்."

எனக்கு ஒண்ணும் புரியலை. மனுஷன் காலையில இருந்து எந்தச் சாமியை வேண்டிக்கிட்டு இருக்கார்? அந்த ஃபைல் வந்து சேர்ந்ததும் திறந்தேன். வேணாம்னு கையைப் பிடிச்சார். யோவ், கையை எடுன்னேன்.

இத்தனை வருஷத்துல அவர் எடுத்த எந்தக் கல்யாணத்துலயும் ஒரு ஷாட் ஆடி நான் பார்த்ததில்லை. மேளக்காரர் தோள்ல இடிச்சாலும் ஆடாது. அன்னிக்கு எடுத்தது ஆடுது. கெட்டிமேளம் கேக்குது, அட்சதை பறக்குது, தங்கச்சி குனிஞ்சு இருக்கா, படம் நடுங்கிக்கிட்டே இருக்கு. அப்புறம் மெதுவா கீழ எறங்கி அவ காலையே காட்டிக்கிட்டு நின்னுடுச்சு. மருதாணி போட்ட ரெண்டு கால், பட்டுப்புடவைக் கரை, அவ்வளவுதான். மைக்குல 'மச்சான் மோதிரம் போட வாங்க'ன்னு கூப்பிடற சத்தம். கேமராவுக்குப் பக்கத்துல யாரோ மூக்கை உறிஞ்சற சத்தம். அழுத குரல்ல, "ஷாட் போய்கினு கீது, யாராவது போடுங்க". எந்த ஷாட்டும் போகலை. கால்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

கலர் சரியில்லை, லைட்டிங் சரியில்லைன்னு இத்தனை நாள் இவர் சொன்னதெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. "ஊர்ல எல்லாரும் என்னை ஆடாத கைன்னு சொல்றான்மே. இத்த எப்படிக் காட்டுறது?"ன்னார். அடப்பாவி மனுஷான்னு சொல்ல வாயெடுத்தேன். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டுடுச்சு.

நாத்தனார் உள்ள வந்தா, கையில புது டிஸ்க்கு டப்பாவோட. இடுப்புல குழந்தை. பின்னாடி அவ வீட்டுக்காரர், ஸ்வீட் டப்பா. "குடுங்க அண்ணி"ன்னா, காபி கூடக் கேக்கலை. அவ டிஸ்க்குல எல்லாத்தையும் ஏத்தினேன். ஏத்தறதுக்குள்ளயே நடந்ததைச் சொல்லிட்டேன், பொட்டு வச்ச கதை, போன ஃபைல் எல்லாம். அண்ணனைத் திரும்பிப் பார்த்து ஒரு பார்வை பார்த்தா. குழந்தை அதுக்குள்ள செத்துப்போன டிஸ்க்கை எடுத்துக்கிட்டு, அதோட பொட்டைத் தன் நெத்தியில தேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு.

"முகூர்த்தம் இருக்கா?"ன்னா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கலை. நேரா அந்த ஃபைலைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டேன். பொய் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை, அவருக்காக எத்தனையோ கஸ்டமர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா அவளுக்கு அது சேர வேண்டியது.

முழுசும் பார்த்தா. கால் வர்ற எடத்துல, "இன்னா அண்ணி இது, என் காலையே எடுத்துகீறான்"னு சிரிக்க ஆரம்பிச்சா. அப்புறம் அந்த மூக்கு சத்தம் காதுல விழுந்துச்சு. சிரிப்பு நின்னுடுச்சு. பின்னாடி தள்ளி இன்னொரு தடவை போடச் சொன்னா. இன்னொரு தடவை கேட்டா. அண்ணனோ ட்ரைபாடோட திருகு ஒண்ணைக் கழட்டறதும் மாட்டறதுமா இருந்தார். அவ கண்ணைத் துடைச்சுக்கலை, அப்படியே விட்டா, கன்னத்துல வழிஞ்சுச்சு.

"சொல்லியிருக்கலாம்லண்ணா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்புறம் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, கையை நீட்டுங்கன்னா. சித்தப்பா பையன் போட்ட அந்த மோதிரம் இன்னும் அவர் விரல்லதான் இருக்கு. கழட்டுங்கன்னா. அவர் பாவம், எதுக்குன்னு கூடக் கேக்காம இழுத்தார். வரலை. கல்யாணத்துக்கு அப்புறம் ஆள் நல்லா ஊறியிருந்தார். நான் தேங்காயெண்ணெய் எடுத்துக்கிட்டு வந்தேன். ஒரு வழியா கழண்டுச்சு. விரல்ல வெள்ளையா ஒரு தடம்.

திரும்பினா, எங்க வீட்டுக்காரர் பழக்க தோஷத்துல பக்கத்துல இருந்த கேமராவை எடுத்துக் கண்ணுல வச்சுக்கிட்டு நிக்கிறார். என் நாத்தனார் போய் அந்தக் கேமராவை அவர் கையில இருந்து வாங்கி, என் கையில குடுத்தா. மோதிரத்தை அவர் கையில வச்சா.

"இப்பப் போடு"ன்னா.

மச்சான், கையைப் புடிங்கன்னு மாப்பிள்ளை கையை நீட்டினார். எங்க வீட்டுக்காரர் மோதிரத்தைத் துணியில துடைச்சார், லென்ஸ் துடைக்கிற அதே துணி. தங்கச்சியைப் பார்த்தார். அப்புறம் போட்டார். எண்ணெய் இருந்ததால சுலபமா ஏறிடுச்சு. குழந்தை ஏன்னு தெரியாமலே கை தட்டுச்சு. அவர் அழுதார், மறைக்கிறதுக்குக் கேமரா இல்லை.

அன்னிக்குச் சாயங்காலம் நான் எடுத்ததைப் போட்டுப் பார்த்துட்டு, "ஒரே ஆட்டமா கீதுமே, இத்த எப்படி எடிட் பண்ணுவ?"ன்னார். பண்ணப் போறதில்லைன்னேன். அதையும் அந்த முகூர்த்தத்தையும், வேற வேற கடையில வாங்கின மூணு டிஸ்க்குல காப்பி போட்டு, ஒண்ணை எங்க அம்மா வீட்டு பீரோவுல கொண்டு போய் வச்சேன்.